உங்கள் மகள் எந்த வார்டில் நிற்கப் போகிறாள்?



காணிப்பாக்கத்தை அடுத்த ஒரு சிற்றூரைச் சேர்ந்த விசுவாசி ஒருவர் சென்ற கோடையில் ஒரு கோப்போடு என்னைத் தேடி வந்தார். அவருடைய மகள் திருப்பதியில் பி.எஸ்ஸி. நர்சிங் முடித்து, பெங்களூரில் ஒரு மருத்துவமனையில் பணிபுரிகிறாள். அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனர் படிப்புக்கு இடம் வாங்கித் தருவதாக ஒரு ஏஜெண்ட் சொல்லியிருக்கிறாராம். முன்பணம் கட்டுவதற்காக மாந்தோப்பை அடமானம் வைக்கப் போகிறார். "ஐயா, இந்தக் காகிதங்களின்மேல் கை வைத்து ஜெபியுங்கள்" என்றார்.

எந்தச் சிறப்புப் பிரிவு என்று கேட்டேன். "ஃபேமிலி" என்று மகிழ்ச்சியோடு பதில் வந்தது. அந்தப் பிரிவை எடுத்தால் குடும்பத்தையும் உடன் அழைத்துக்கொண்டு போகலாம் என்று அவர் நம்பியிருந்தார்!

சிரிக்காதீர்கள். படித்தவர்கள் நிறைந்த நம் நகரத்துச் சபைகளிலும் இதைவிடத் தெளிவாக அறிந்தவர்கள் அதிகம் பேர் இல்லை. ஃபேமிலி நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் குழந்தை முதல் முதியவர் வரை எல்லா வயதினருக்கும் முதல்நிலை மருத்துவம் பார்ப்பவர். இந்தப் பணி 1965இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் லொரெட்டா ஃபோர்டு என்ற செவிலியரும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் சேர்ந்து தொடங்கியது. முதலில் குழந்தைகளின் நலத்துக்காகவே தொடங்கினார்கள். பின்னர் பச்சிளங்குழந்தை, பெண்கள் நலம், முதியோர், மனநலம் எனப் பல கிளைகளாக வளர்ந்தது. நம் பிள்ளைகள் அங்கே செல்வதானால் முதலில் என்கிளெக்ஸ் தேர்வில் தேறிப் பதிவுபெற்ற செவிலியராக வேண்டும். அதன் பிறகே முதுநிலைப் படிப்பு. இந்த வரிசையை மறைத்துவிட்டு இடம் வாங்கித் தருகிறேன் என்பவரிடம் தோப்புப் பத்திரத்தைக் கொடுக்காதீர்கள்.

நம் நாட்டில் இந்தப் பெயர் புதியது. தீவிர சிகிச்சைக்கான நர்ஸ் பிராக்டிஷனர் என்ற 2 ஆண்டு முதுநிலைப் படிப்பை இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்துச் சுமார் 10 ஆண்டுகள் ஆகின்றன. பி.எஸ்ஸி. முடித்து வார்டில் அனுபவம் பெற்றவர்களே அதில் சேர முடியும்; காலத்தின் பெரும்பகுதி ஐ.சி.யு.விலேயே கழியும். படித்து முடித்தவர் தனியாகக் கிளினிக் வைக்க முடியாது. மருத்துவரோடு இணைந்து, மருத்துவமனை வகுத்த நெறிமுறைகளின்படியே பணிசெய்வார். எல்லா மருத்துவமனைகளிலும் அந்தப் பெயரில் பதவி இருப்பதில்லை. ஆகையால் சேரும் முன்பே, படித்தவர்களை எந்தப் பதவியில், என்ன சம்பளத்தில் வைக்கிறார்கள் என்று அந்தக் கல்லூரியிலேயே கேளுங்கள்.

மற்றொரு வழி, பிரசவம் பார்க்கும் மிட்வைஃபரி நர்ஸ் பிராக்டிஷனர். 2018இல் மத்திய அரசு இதற்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பயிற்சி 18 மாதங்கள். தெலங்கானா அதற்கு முந்தைய ஆண்டே, ஹைதராபாத் ஃபெர்னாண்டஸ் மருத்துவமனையின் துணையோடு, அரசுச் செவிலியருக்குப் பயிற்சியைத் தொடங்கிவிட்டது. பெரும்பாலும் அரசுப் பணியில் உள்ளவர்களையே மாநிலங்கள் இதற்கு அனுப்புகின்றன. தனியார் மருத்துவமனையில் இருப்பவர்களுக்கு எம்.எஸ்ஸி. நர்சிங்கில் மகப்பேறு பிரிவு இருக்கிறது. அதுவும் 2 ஆண்டுகளே.

அன்று அந்தச் சகோதரரின் மகளோடு தொலைபேசியில் பேசினேன். "அம்மா, எந்த வார்டில் உனக்கு நேரம் போவது தெரிவதில்லை?" என்று கேட்டேன். அவள் யோசிக்கவே இல்லை. "லேபர் ரூம், ஐயா. நைட் டியூட்டி என்றாலும் அங்கே எனக்குக் களைப்புத் தெரியாது. ஐ.சி.யு.வில் மெஷின் சத்தம் தூக்கத்திலும் கேட்கிறது" என்றாள். அமெரிக்காவில் பிரசவம் பார்க்கும் செவிலியருக்கு நர்ஸ்-மிட்வைஃப் என்று தனிப் படிப்பும் தனிச் சான்றும் உண்டு. அப்படியானால் தகப்பனாருடைய கோப்பில் இருந்தது அவள் விரும்பிய பணியே அல்ல! ஏஜெண்டும் அவளைக் கேட்கவில்லை, வீட்டிலும் கேட்கவில்லை.

தகப்பனாரின் முகம் வாடிப்போயிற்று. "மருத்துவச்சி வேலைக்கா ஐயா நான் கடன் வாங்கிப் படிக்க வைத்தேன்?" என்றார்.

சித்தூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்தில் வேலூர். அங்கே சி.எம்.சி. மருத்துவமனை எப்படி உண்டாயிற்று என்பது நம் சபைகள் அறிந்த சரித்திரம். திண்டிவனத்தில் ஒரே இரவில் 3 வீட்டார் பிரசவ வேதனையில் இருந்த பெண்களுக்காக உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவர் பார்க்கக் கூடாது என்று சொல்லித் திரும்பிப் போனார்கள். 3 பெண்களும் இறந்தார்கள். அந்த இரவுதான் ஐடா ஸ்கடரை மருத்துவராக்கிற்று. அவர் 1909இல் வேலூரில் செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். 1946இல் அங்கே நர்சிங் பட்டப்படிப்பும் வந்தது. யாத்திராகமத்தில் சிப்பிராளும் பூவாளும் பார்வோனுக்கு அஞ்சாமல் நின்றதும் பிரசவ அறையில்தான். இவற்றைச் சொன்னபோது அவர் தலையசைத்தார். ஆனால் சம்மதிக்கவில்லை.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. மனநலப் பிரிவைத் தேர்ந்த ஒரு பெண்ணுக்கு, "பைத்தியக்கார வார்டு நர்ஸ்" என்று சொல்லி வரன்கள் தட்டிப்போனதை நம் சபையிலேயே பார்த்தேன். வேலூர் பாகாயத்தில் 1957 முதல் சி.எம்.சி.யின் மனநல மையம் நடக்கிறது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கிச் சிகிச்சையில் பங்குபெறும் இடம் அது. அந்தப் பணியைக் குறைத்துப் பேசும் நாம், நம் வீட்டில் ஒருவருக்கு மனம் சோர்ந்தால் யாரிடம் ஓடுவோம்?

நகரங்களுக்குக் குடியேறியவர்களுக்கு ஒரு வார்த்தை. கர்நாடகத்தில் படித்துப் பதிவுசெய்தவள் தமிழ்நாட்டிலோ ஆந்திரத்திலோ வேலைசெய்ய வேண்டுமானால், அந்த மாநிலக் கவுன்சிலிலும் பதிவைப் பெற வேண்டும். திருமணமாகி ஊர் மாறும் பெண்கள் இதை மறந்துபோய் மாதக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். வளைகுடா நாடுகள் உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியர் அரசு நிறுவனங்கள் வழியாகவே செல்ல வேண்டும் என்று 2015இல் இந்திய அரசு உத்தரவிட்டது. தமிழ்நாட்டில் அந்த நிறுவனம், சென்னையிலுள்ள அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். எந்த ஏஜெண்டிடமும் கையெழுத்திடும் முன் அங்கே விசாரியுங்கள்.

என்னிடம் ஆலோசனை கேட்கும் பிள்ளைகளுக்கு, முதல் 2 ஆண்டுகள் மேற்படிப்பைப் பற்றி முடிவு எடுக்க வேண்டாம் என்றே சொல்லுகிறேன். வார்டு வார்டாக மாறிப் பாருங்கள். கால் வலியையும் மன வலியையும் தனித்தனியாகக் கணக்கெடுங்கள். கோபுரம் கட்டுகிறவன் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பதில் பணம் மட்டுமா அடங்கும்?

அந்த மகள் இப்போதும் பெங்களூரில்தான் இருக்கிறாள். பிரசவப் பிரிவுக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டாள், எம்.எஸ்ஸி. நுழைவுத் தேர்வுக்குப் படிக்கிறாள். தோப்புப் பத்திரம் வீட்டுப் பெட்டியில் இருக்கிறது. தகப்பனார் ஞாயிறுதோறும் ஆராதனைக்கு வருகிறார், கடைசி வரிசையில் உட்காருகிறார். என்னோடு மட்டும் இன்னும் சரியாகப் பேசுவதில்லை.