கரையும் கருங்கல்

வராக நதி இறங்கிவரும் பழனி மலையில் பெரும்பகுதி சார்னோக்கைட் பாறை. புதிதாக உடைத்த முகம் எண்ணெய் தடவியதுபோல் கருநீலமாக மினுங்கும். மழை பட்ட மேல்தோலோ பழுப்பு. நாள்பட்டதென்றால் விரலால் சுரண்டினாலே உதிரும்.

மழைநீர் காற்றிலிருந்தும், அதைவிட அதிகமாக வேர் மண்டிய மண்ணிலிருந்தும், கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மெல்லிய அமிலமாகிறது. அந்த நீர் பட்டுப் பட்டுப் பாறையிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் கனிமம் களிமண்ணாகிறது. பைராக்சீன் கனிமத்திலுள்ள இரும்பு துருவேறுகிறது. மலைக்குக் கீழே ஜெயமங்கலம் வட்டாரப் புஞ்சைகளின் செம்மண்ணுக்கு நிறம் தந்தது இந்தத் துருதான்.

குவார்ட்ஸ் மட்டும் லேசில் மசியாது. ஆற்று மணலில் பளபளப்பவை பெரும்பாலும் அதன் பரல்களே.

பாறையிலிருந்து கரைந்த சுண்ணாம்புச் சத்தில் ஒரு பங்கு, மழை குறைந்த சமவெளியில் மண்ணுக்குள்ளேயே படிந்து சுக்கான்கல்லாக இறுகும். கிணறு வெட்டுகிறவர்களுக்கு அது பழகிப்போன தொல்லை.