ஓணான் தலையில் சிவப்பு… அது ரத்தம் இல்லை!

வடகவுஞ்சி மலைக்கிராமமோ, கீழே பழநியோ… வேலியில் இருக்கும் ஓணானின் தலை சிவந்தால், உடனே கல்லைத் தேடும் சிறுவர்கள் உண்டு. ‘நம்ம ரத்தத்தை உறிஞ்சுது’ என்ற பழைய பயம்தான் காரணம்.

உண்மையில் ஓணான் தின்பது பெரும்பாலும் பூச்சிகளை. இனப்பெருக்கக் காலத்தில் பெண்ணைக் கவரவும், போட்டிக்கு வரும் ஆணை விரட்டவும் ஆண் ஓணான் சிவக்கிறது.

சரி, உடல் கறுப்பதும் வெளிறுவதும் எப்படி?

தோல் செல்களில் மெலனின் என்ற கறுப்பு நிறமி இருக்கிறது. பல பல்லி இனங்களில், மூளைக்கு அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எம்.எஸ்.ஹெச் ஹார்மோனைச் சுரந்தால், அந்த நிறமி செல் முழுக்கப் பரவும், தோல் கறுக்கும். ஹார்மோன் குறைந்தால் நிறமி நடுவில் ஒடுங்கும், தோல் வெளிறும்.

இதற்குச் சான்று, 1938-ல் வெளியான கிளைன்ஹோல்ஸ் என்ற விஞ்ஞானியின் ஆய்வு. பிட்யூட்டரி அகற்றப்பட்ட அமெரிக்கப் பச்சை அனோல் பல்லி, பச்சையாகவே இருந்துவிட்டது. சுரப்பியின் சாற்றை ஊசியில் செலுத்தியதும் பழுப்பானது!

பச்சோந்திக்கோ இந்த உத்தரவை நரம்புகளே கொண்டுபோகின்றன.

ஆக, நிறம் மாறுவது வஞ்சகமும் இல்லை, ரத்தவெறியும் இல்லை. அடுத்த முறை ஓணான் சிவந்தால், குழந்தைகளின் கையில் உள்ள கல்லைக் கீழே போடச் சொல்லுங்கள்!