நாலு பேர் வீட்டில் வருஷத்துக்கு 220 கிலோ உணவு வீணாகுதா? குப்பைக்குப் போகாமல் தடுப்பது எப்படி? எளிய விளக்கம்!

ஞாயிற்றுக்கிழமை காலை. கை நிறையப் பையோடு கடைத்தெருவிலிருந்து வீட்டுக்கு வந்தாச்சு. இரண்டு கட்டு கீரை, இரண்டு கிலோ தக்காளி, அரை கிலோ கத்திரிக்காய். ஃபிரிட்ஜைத் திறந்தால், போன வாரம் வாங்கிய கத்திரிக்காய் சுருங்கிப்போய் அடித்தட்டில் கிடக்குது. பக்கத்தில், என்றைக்கு வைத்தது என்றே ஞாபகம் இல்லாத ஒரு குழம்புக் கிண்ணம். இரண்டும் குப்பைக்குப் போகுது. புதிய கத்திரிக்காய் அதே இடத்தில் உட்காருது.

திருவள்ளூர் மாவட்டத்தின் ஆந்திர எல்லையில் இருக்கும் பள்ளிப்பட்டு ஆனாலும் சரி, சென்னை அடுக்குமாடிக் குடியிருப்பு ஆனாலும் சரி, பல வீடுகளில் நடக்கிற கதைதான் இது. இதில் வீணாவது காய்கறி மட்டுமல்ல, மாதச் சம்பளத்திலும் வாரக்கூலியிலும் ஒரு பங்கு. இதைத் தடுக்கப் புதிய பொருள் எதுவும் வாங்க வேண்டியதில்லை. கொஞ்சம் திட்டமும், எதை எங்கே வைப்பது என்ற தெளிவும் இருந்தால் போதும். எப்படி என்று பார்க்கலாம்.

எவ்வளவு உணவு வீணாகிறது?

ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2024ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, 2022ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் சுமார் 105 கோடி டன் உணவு வீணாகியிருக்கிறது. ஹோட்டல், கல்யாண மண்டபம்தான் காரணம் என்று நினைப்போம். ஆனால் அதில் 60 சதவீதம் வீடுகளிலிருந்து வந்தது என்கிறது அந்த அறிக்கை. அதே ஆண்டில் உலகில் 78 கோடிக்கும் அதிகமானோர் பசியில் இருந்திருக்கிறார்கள்.

இந்திய வீடுகளில் ஓர் ஆள் கணக்கில் ஆண்டுக்கு 55 கிலோ வீணாவதாக மதிப்பிடப்பட்டுள்ளது. உலக சராசரி 79 கிலோ. அந்த வகையில் நாம் பரவாயில்லை. ஆனால் நாலு பேர் இருக்கும் வீட்டுக்கு இதைப் பெருக்கிப் பாருங்கள். வருஷத்துக்கு 220 கிலோ, தினமும் சுமார் 600 கிராம்.

ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தக் கணக்கில் வாழைப்பழத் தோல், மாங்கொட்டை, எலும்பு போன்ற சாப்பிட முடியாத பகுதிகளும் சேரும். அதனால் 600 கிராமும் நல்ல உணவு என்று அர்த்தமில்லை. தோலையும் கொட்டையையும் நம்மால் குறைக்க முடியாது. மிச்சம் இருப்பதைக் குறைக்கலாம்.

தப்பு எங்கே ஆரம்பிக்குது?

குப்பைக் கூடையில் விழும்போதுதான் நம் கண்ணில் படுது. ஆனால் அதற்கு மூன்று, நான்கு நாள் முன்பே, வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு கிளம்பும்போதே அது ஆரம்பித்துவிடுது. அடுத்தது, எத்தனை பேர் சாப்பிடுவார்கள் என்று கேட்காமல் அரிசி களைவது. மூன்றாவது, மிச்சத்தை ஃபிரிட்ஜுக்குள் தள்ளிவிட்டு மறந்துபோவது. இந்த மூன்றையும் சரி செய்தாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும்.

கடைக்குப் போகும் முன் 5 நிமிஷம்

கிளம்பும் முன் ஃபிரிட்ஜையும் காய்கறிக் கூடையையும் ஒரு முறை பாருங்கள். முதலில் கெட்டுப்போகப் போவது எது? அதுதான் இன்றைய குழம்பு. மிச்சத்துக்கு மட்டும் பட்டியல் போடுங்கள். காகிதம் வேண்டாம் என்றால் செல்போனில் ஃபிரிட்ஜை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போங்க. கடையில் நிற்கும்போது, 'வீட்டில் கேரட் இருக்கா இல்லையா' என்ற சந்தேகமே வராது.

வாரத்தில் 7 நாளுக்கும் சேர்த்துத் திட்டம் போடாதீர்கள். 5 நாளுக்குப் போட்டால் போதும். திடீரென்று சொந்தக்காரர் வீட்டு விசேஷம் வரும், ஒரு நாள் ஹோட்டலில் சாப்பிட நேரும், முந்தின நாள் மிச்சம் இருக்கும். அந்த இரண்டு நாள் காலியாக இருந்தால்தான் வாங்கியது தீரும்.

சமைக்கும் வரிசையும் முக்கியம். வாங்கிய அன்றோ மறுநாளோ கீரை. அடுத்து வெண்டை, பீன்ஸ், கத்திரி. முட்டைகோஸ், கேரட், பீட்ரூட் வார நடுவில். பூசணி, சேனை, உருளை கடைசியில்.

எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள்?

இது சின்னக் கேள்வி மாதிரி தெரியும். ஆனால் பல வீடுகளில் தினமும் ஒரே அளவு அரிசிதான் உலையில் போடுவார்கள். அரசு தொடக்கப் பள்ளிகளில் 1 முதல் 5ஆம் வகுப்பு வரை படிக்கும் பிள்ளைகளுக்கான முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் மாநிலம் முழுக்க விரிவாக்கப்பட்டது. மதியம் சத்துணவு இருக்கிறது. அப்படியென்றால் பள்ளி நாட்களில் அந்தப் பிள்ளைக்கு வீட்டில் ஒரு வேளைதான் முழுச் சாப்பாடு. ஞாயிற்றுக்கிழமை மூன்று வேளை. அளவும் அதற்கேற்ப மாற வேண்டாமா?

ஒரு வாரத்துக்கு, சோறு மிச்சமானால் எவ்வளவு என்று காலண்டர் தாளில் குறித்து வையுங்கள். தினமும் ஒரு கிண்ணம் மிச்சமானால், ஆழாக்கில் கொஞ்சம் குறைத்துப் போடலாம் என்று தெரிந்துவிடும்.

மழைக்கால அவசரம்

பள்ளிப்பட்டு வட்டார மக்களுக்கு இது தெரிந்த விஷயம். ஆந்திராவில் இருக்கும் கிருஷ்ணாபுரம் அணையில் தண்ணீர் திறந்தால் கொசஸ்தலை ஆற்றில் வெள்ளம் வரும். தரைப்பாலம் மூழ்கினால் ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிராமங்களுக்குப் போக்குவரத்து நின்றுவிடும். எச்சரிக்கை வந்ததும் கையில் கிடைப்பதை எல்லாம் அள்ளி வாங்கத் தோன்றும். அதில் கீரையும் தக்காளியும் சேர்ந்தால், இரண்டு நாள் ஈரக் காற்றிலும் மின்தடையிலும் அழுகித்தான் போகும்.

மழை நாட்களுக்குத் தாங்கும் பொருட்களை வாங்கணும். வெங்காயம், உருளை, சேனை, முழுப் பூசணி, பருப்பு, புளி, வத்தல், கருவாடு. பூசணி வெட்டாமல் இருக்கும்வரை வெளியிலேயே பல நாள் இருக்கும்.

கரண்ட் போனால் ஃபிரிட்ஜைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். மூடியே வைத்தால் சுமார் 4 மணி நேரம் குளிர்ச்சி நிற்கும். அதற்கு மேல் போனால் பால், இறைச்சி, சமைத்த உணவு மூன்றையும் நம்ப வேண்டாம்.

எதை எங்கே வைப்பது?

• வெங்காயமும் உருளைக்கிழங்கும்: இரண்டும் காற்றோட்டமான, வெயில் படாத இடத்தில் இருக்கணும். ஆனால் ஒரே கூடையில் வேண்டாம். சேர்த்து வைத்தால் உருளை சீக்கிரம் முளை விடும்.

• தக்காளி: காயாக இருந்தால் வெளியில். நன்றாகப் பழுத்த பிறகு ஃபிரிட்ஜில்.

• வாழைப்பழம், மாம்பழம், பப்பாளி: பழுக்கும்போது எத்திலீன் என்ற வாயுவை வெளியிடும். பக்கத்தில் இருக்கும் கீரையும் காயும் சீக்கிரம் வாடிவிடும். தனியாக வையுங்கள்.

• கீரை, கொத்தமல்லி: வேரையும் அழுகிய இலையையும் நீக்கி, கழுவாமல், உலர்ந்த பருத்தித் துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைக்கலாம். செய்தித்தாளில் சுற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்க. அச்சு மையில் இருக்கும் ரசாயனங்கள் உணவில் ஒட்டும் என்பதால், உணவுப் பொருட்களைச் செய்தித்தாளில் வைக்க வேண்டாம் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எச்சரித்திருக்கிறது.

• பச்சை மிளகாய், கறிவேப்பிலை: ஈரமே ஆகாது. மிளகாய்க் காம்பைக் கிள்ளிவிட்டு மூடியுள்ள டப்பாவில் போடுங்கள்.

• ரேஷன் அரிசி, பருப்பு: வெயிலில் காயவைத்து, ஆறிய பிறகு டப்பாவில் கொட்டணும். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்க்கும். காய்ந்த வேப்பிலை, வரமிளகாய் போடும் பாட்டி வழக்கம் வண்டுக்கு இன்றும் கைகொடுக்கும். பழையது தீர்ந்த பிறகே புதியதைக் கொட்டுங்கள்.

• ஃபிரிட்ஜ்: உள்ளே 5 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருக்கணும். மிச்சம் வைத்த கிண்ணம் எப்போதும் கண் மட்டத்தில், முன்வரிசையில். பின்னால் போன கிண்ணம் மறந்துபோன கிண்ணம்தான்.

மிச்ச சோறு: பழையதா, கெட்டதா?

தமிழ்ச் சமையலறையில் மிச்சத்தைச் சேமிக்கும் பழைய வழி பழைய சோறு. ஆறிய சோற்றில் சுத்தமான தண்ணீர் ஊற்றி மூடி வைத்தால், இரவோடு இரவாக லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் அதைப் புளிக்க வைக்கும். காலையில் மோர், சின்ன வெங்காயத்தோடு சாப்பாடு ரெடி.

ஆனால் பகல் முழுக்க வெறும் பாத்திரத்தில் கிடந்த சோற்றை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. 'பேசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியாவின் வித்துகள் அரிசி வெந்த பிறகும் உயிரோடு இருக்கும். சோறு வெதுவெதுப்பாக நீண்ட நேரம் இருந்தால் அவை பெருகி நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் போகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம். மாலையில் அதன்மேல் தண்ணீர் ஊற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்பது தப்பு.

சமைத்த உணவை 2 மணி நேரத்துக்கு மேல் வெளியில் வைக்க வேண்டாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ஃபிரிட்ஜில் வைத்த சோற்றை மறுநாளே முடித்துவிடுங்கள். குழம்பு இரண்டு, மூன்று நாள். சூடாக்கும்போது ஆவி பறக்கக் கொதிக்கணும். தேவையான அளவை மட்டும் எடுத்துச் சூடு பண்ணுங்க. மொத்தத்தையும் திரும்பத் திரும்பச் சூடாக்கக் கூடாது.

எல்லை ஊர்களின் கைப்பக்குவம்

சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி வட்டாரம் 1960ல்தான் அன்றைய சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. இன்றும் இந்தப் பக்கம் தமிழும் தெலுங்கும் கலந்து பேசும் வீடுகள் நிறைய. சமையலும் அப்படித்தான். கோடையில் மாங்காய் குவிந்தால் ஆவக்காய். புளிச்சகீரை அதிகம் கிடைத்தால் கோங்குரா பச்சடி. உப்பு, எண்ணெய், காரம் சேர்த்து ஒரு வாரத்தில் கெடுவதை ஒரு வருஷத்துக்கு நீட்டும் தொழில்நுட்பம் இது.

அன்றாட மிச்சத்துக்கும் வழி இருக்கு. மாவு புளித்தால் குழிப்பணியாரம். தயிர் புளித்தால் மோர்க்குழம்பு. தக்காளி நசுங்கினால் தொக்கு. பீர்க்கங்காய்த் தோலைத் தூக்கிப் போடாமல் துவையல் அரைக்கலாம்.

பாக்கெட்டில் இருக்கும் தேதி சொல்வது என்ன?

'யூஸ் பை' அல்லது 'எக்ஸ்பயரி' என்று போட்ட தேதி பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. அது தாண்டினால் சாப்பிடக் கூடாது. 'பெஸ்ட் பிஃபோர்' என்பது சுவையும் தரமும் நன்றாக இருக்கும் காலம். அந்தத் தேதி தாண்டிய மறுநாளே பொருள் விஷமாகிவிடாது. ஆனால் பாக்கெட்டில் இரண்டு தேதியும் இருந்தால், எக்ஸ்பயரி தேதிதான் கணக்கு.

எதைத் தயங்காமல் கொட்டணும்?

வீணாக்கக் கூடாது என்பதற்காக உடம்பைப் பணயம் வைக்க வேண்டாம். பூஞ்சை பிடித்த வேர்க்கடலை, சோளம் வேண்டவே வேண்டாம். அதில் இருக்கக்கூடிய அஃப்ளாடாக்சின் என்ற நச்சு கல்லீரலைப் பாதிக்கும். வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாகப் போகாது. பிசுபிசுப்பான சோறு, பூஞ்சை படர்ந்த பிரெட், உப்பிப்போன பாக்கெட் எல்லாமும் அப்படித்தான். பூஞ்சை பிடித்த இடத்தை மட்டும் பிய்த்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடுவதும் ஆபத்து.

கொட்டுவதையும் மட்கும் குப்பையாகத் தனியாகக் கொடுங்கள். பிளாஸ்டிக்கோடு கலந்து குப்பை மேட்டில் புதைந்தால், அது அழுகி மீத்தேன் வாயுவாகும். தனியாகப் பிரித்தால் உரமாகும்.

எங்கிருந்து தொடங்கலாம்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற முடியாது. இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். குப்பையில் போடும் ஒவ்வொரு உணவையும், அதன் விலையையும் சமையலறைக் காலண்டரில் எழுதுங்க. அரை கிலோ கத்திரிக்காய், ஒரு கிண்ணம் சோறு, அரை லிட்டர் பால் என்று வார முடிவில் கூட்டிப் பார்த்தால், அடுத்த வாரம் கடைக்கு எடுத்துப்போகும் பட்டியலில் எதை அடிக்கணும் என்று அந்தக் காலண்டரே சொல்லிவிடும்.