விருந்தாளிக்கு மட்டும் 'வைஃபை' வரவில்லை!

மாப்பிள்ளை வந்து விட்டார்!

பண்டிகைக்கு இரண்டு நாள் இருக்கும்போதே மனைவி, குழந்தையுடன் திண்டுக்கல்லில் வந்து இறங்கி விட்டார். தலைவாழை இலை போட்டு விருந்து நடக்கிறது. கூடத்தில் சிறுமலை வாழைப்பழம் தார் தாராகத் தொங்குகிறது. மாமியாருக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

ஆனால், மாப்பிள்ளையின் முகத்தில் மட்டும் கவலை!

அவருக்கு அலுவலகத்தில் விடுமுறை கொடுக்கவில்லை. "ஊரில் இருந்தே வேலை பாருங்கள்" என்று சொல்லி அனுப்பி இருக்கிறார்கள். திங்கட்கிழமை காலை 9 மணிக்கு அவர் தன்னுடைய 'லேப்டாப்'பின் முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். சோதித்துப் பார்க்கலாம் என்று லேப்டாப்பைத் திறந்தார். இணையம் வரவில்லை!

வீட்டில் உள்ள மற்றவர்களின் செல்போனில் எல்லாம் இணையம் வருகிறது. அவருக்கு மட்டும் இல்லை.

"இன்றைக்கு ராத்திரி பஸ்சுக்கே கிளம்பி விடுகிறேன், அத்தை" என்கிறார் மாப்பிள்ளை. அத்தையின் கண் கலங்குகிறது.

இந்தக் காட்சியை இன்று பல வீடுகளில் பார்க்கலாம். மாப்பிள்ளைக்குப் பதில், கல்லூரித் தேர்வு எழுத வந்த அக்காள் மகளாக இருக்கலாம். அமெரிக்காவில் இருந்து வந்த சித்தப்பாவாக இருக்கலாம். தொல்லை ஒன்றுதான். அதைத் தீர்க்கும் வழியும் அநேகமாக வீட்டுக்குள்ளேயே இருக்கிறது.

ஊசியை எடுக்காதீர்கள்!

இப்படிப்பட்ட நேரத்தில் வீட்டில் உள்ள ஓர் இளைஞர் ஊசியுடன் ஓடி வருவார்! இணையப் பெட்டியின் பின்னால் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். அதற்குள் ஊசியை விட்டு அழுத்துவார்.

அந்தப் பெட்டிக்கு 'ரவுட்டர்' என்று பெயர். வெளியில் இருந்து கம்பி வழியாக வரும் இணையத்தை, காற்றில் வானொலி அலையாக வீடு முழுவதும் அனுப்புவது இதுதான். ஊசி போடும் ஓட்டைக்கு 'ரீசெட்' என்று பெயர். அதை அழுத்தினால், பெட்டி தனக்குச் சொல்லிக் கொடுத்ததை எல்லாம் மறந்து விடும். வீட்டின் வைஃபை பெயர், பாஸ்வேர்டு எல்லாம் அழிந்து விடும். இணையக் கம்பெனிக்காரர் பதிந்து வைத்த கணக்கும் பல பெட்டிகளில் அழிந்து விடும். அப்புறம், விருந்தாளிக்கும் இணையம் இல்லை, வீட்டுக்காரருக்கும் இல்லை! கம்பெனி ஆள் வந்தால்தான் உண்டு. பண்டிகை நாளில் அவர் எப்போது வருவார்?

பெட்டியின் சுவிட்சை நிறுத்தி, அரை நிமிடம் கழித்து மறுபடி போடலாம். அதில் தவறு இல்லை. அது தூங்கி எழுவது போல. ஊசி போடுவது வேறு.

இரண்டு சோதனைகள்

பழுது எங்கே இருக்கிறது? முதலில் அதைத் தெரிந்து கொள்ள வேண்டும்.

இணையம் லேப்டாப்புக்கு வந்து சேருவதற்கு இரண்டு பாதைகள். ஒன்று, வெளி உலகத்தில் இருந்து ரவுட்டர் வரையில் உள்ள கம்பிப் பாதை. மற்றொன்று, ரவுட்டரில் இருந்து லேப்டாப் வரையில் உள்ள காற்றுப் பாதை.

வீட்டில் உள்ள ஒரு செல்போனை எடுங்கள். அதில் 'மொபைல் டேட்டா'வை நிறுத்தி விடுங்கள். (இதை மறந்தால் ஏமாந்து போவீர்கள். வைஃபை வேலை செய்யாவிட்டாலும், சிம் கார்டு வழியாகப் படம் ஓடிக்கொண்டே இருக்கும்!) இப்போது வைஃபையில் மட்டும் ஒரு படத்தைப் போட்டுப் பாருங்கள். ஓடுகிறதா? அப்படியானால் கம்பிப் பாதை நன்றாக இருக்கிறது. கம்பெனிக்காரருக்குப் போன் செய்ய வேண்டியது இல்லை.

அடுத்து, விருந்தாளியின் செல்போனில் 'ஹாட்ஸ்பாட்' போட்டு, அவருடைய லேப்டாப்பை அதனுடன் இணையுங்கள். இணையம் வருகிறதா? அப்படியானால் லேப்டாப்பும் நன்றாக இருக்கிறது. லேப்டாப்புக்கும் இந்த வீட்டுப் பெட்டிக்கும்தான் ஏதோ ஒத்துப் போகவில்லை!

இரண்டு சோதனைக்கும் சேர்த்து ஐந்து நிமிடம் ஆகும். பாதி வைத்தியம் முடிந்து விட்டது.

தேனியில் நடந்தது

"பழுது எங்கே?" என்ற கேள்வி எவ்வளவு பெரியது என்பதை, திண்டுக்கல்லுக்குத் தென்மேற்கே உள்ள தேனியில் ஒரு கூட்டத்தார் அனுபவித்துப் பார்த்திருக்கிறார்கள்.

தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் ஆண்டிபட்டி போன்ற ஊர்களில் அதன் சிறிய கண் பரிசோதனை மையங்கள் உள்ளன. 2000-ம் ஆண்டுகளின் நடுவில், அமெரிக்காவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் (பெர்க்கிலி) சேர்ந்த எரிக் புரூவர் என்ற பேராசிரியரின் குழுவினர், இந்த மையங்களையும் மருத்துவமனையையும் வைஃபை மூலமாகவே இணைத்தார்கள். கிராமத்து நோயாளி மையத்தில் காமிராவின் முன்னால் உட்காருவார். தேனியில் இருக்கும் டாக்டர் அவரைத் திரையில் பார்த்துப் பேசுவார்!

வீட்டு வைஃபை நாலு அறையைத் தாண்டுவதற்கே திணறுகிறது. அங்கே அதை 15 கிலோமீட்டர் தூரம் வரை அனுப்பினார்கள்! 24 முதல் 42 மீட்டர் உயரம் உள்ள கோபுரங்களில் ஆன்டெனாவைக் கட்டினார்கள். ஓர் இடத்தில், ஜவுளி ஆலை வளாகத்தில் இருந்த புகைபோக்கி மீதே கட்டி விட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. வைஃபை பெட்டி ஒரு செய்தியை அனுப்பியதும், "கிடைத்தது" என்ற பதிலுக்காக இமைக்கும் நேரத்தை விடக் குறைவாகவே காத்திருக்கும். தூரம் அதிகமானால் பதில் வரச் சற்றுத் தாமதம் ஆகும். பெட்டிக்குப் பொறுமை கிடையாது! "செய்தி போய்ச் சேரவில்லை" என்று முடிவு கட்டி, அதையே மறுபடி மறுபடி அனுப்பிக் கொண்டிருக்கும். நிபுணர்கள் அந்தக் குணத்தை மாற்றி எழுதிய பிறகே இணைப்பு வேகமாக ஓடியது.

ஆனால், அதற்குப் பிறகும் இணைப்பு அடிக்கடி படுத்துக் கொண்டது. அலையில் கோளாறா? ஆன்டெனா திரும்பி விட்டதா?

பெரும்பாலான தொல்லைக்குக் காரணம் மின்சாரம்! கரண்ட் திடீரென்று ஏறியது, இறங்கியது, நின்றது. பெட்டிகள் கருகின. சில பெட்டிகள், பாதி எழுதும்போது கரண்ட் போனதால் நினைவு கெட்டு நின்றன. 2008-ம் ஆண்டில் அந்தக் குழுவினர் தங்கள் அனுபவத்தை ஆராய்ச்சிக் கட்டுரையாகவே எழுதினார்கள். நாளடைவில், அங்கே உள்ள ஊழியர்களே பழுது பார்க்கக் கற்றுக் கொண்டார்கள்.

வீட்டிலும் முதலில் கரண்டைப் பாருங்கள். வீட்டில் 'இன்வெர்ட்டர்' இருக்கிறது, விளக்கு எரிகிறது, விசிறி சுற்றுகிறது. ஆனால், ரவுட்டர் செருகி இருக்கும் பிளக்குக்கு இன்வெர்ட்டர் இணைப்பு கொடுத்திருக்கிறார்களா? பல வீடுகளில் கொடுப்பது இல்லை.

பெயரே தெரியவில்லையா?

கரண்ட் இருக்கிறது. லேப்டாப்பைத் திறந்தால் பக்கத்து வீட்டு வைஃபையின் பெயர் எல்லாம் தெரிகிறது. இந்த வீட்டின் பெயரை மட்டும் காணோம்! இது ஏன்?

வைஃபை அலையில் 2.4, 5 என்று முக்கியமாக இரண்டு வகை உண்டு. (இவை அலைவரிசையின் அளவு, கணக்கு 'கிகா ஹெர்ட்ஸ்'.) 2.4 அலை சுமார் 12 சென்டிமீட்டர் நீளம். சுவரைத் தாண்டும் சக்தி கொஞ்சம் அதிகம். 5 அலை அதில் பாதி நீளம். வேகம் அதிகம், சுவரைக் கண்டால் தளர்ந்து விடும். பழைய லேப்டாப்புகள் பலவற்றுக்கு 2.4 மட்டுமே தெரியும். பெட்டி 5-ல் மட்டும் பேசினால், அவற்றின் காதில் விழாது.

வெளிநாட்டு லேப்டாப் என்றால் இன்னொரு விசேஷம். 2.4 அலைக்குள் 'சானல்' என்று சிறு சிறு பாதைகள் உள்ளன. நம் நாட்டில் 13 சானல்கள் வரை உண்டு. அமெரிக்காவில் விற்கும் கருவிகள் பொதுவாக 11 சானல்களோடு நின்று விடும். இந்த வீட்டுப் பெட்டி 12-லோ 13-லோ பேசினால், அமெரிக்கச் சித்தப்பாவின் லேப்டாப்புக்கு அப்படி ஒரு பெட்டி இருப்பதே தெரியாது! பெட்டியின் சானலை 1, 6, 11 ஆகியவற்றில் ஒன்றாக மாற்றினால் போதும்.

சமையல் அறையில் 'மைக்ரோவேவ்' அடுப்பு ஓடும்போதும் 2.4 வைஃபை தடுமாறலாம். அடுப்பும் ஏறக்குறைய அதே அலையில்தான் வேலை செய்கிறது. இரும்பு பீரோவுக்குப் பின்னால் ரவுட்டரை ஒளித்து வைப்பவர்களைப் பற்றிச் சொல்வதற்கு ஒன்றும் இல்லை!

பூட்டும் சாவியும்

பெயர் தெரிகிறது, பாஸ்வேர்டு கேட்கிறது, கொடுத்தால் ஏற்க மறுக்கிறது. பூட்டுக்குப் பேர் போன திண்டுக்கல்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியது இல்லை! பல் ஒன்று மாறினாலும் சாவி திறக்காது. ஆங்கிலத்தில் பெரிய எழுத்து வேறு, சின்ன எழுத்து வேறு. பூஜ்யம் வேறு, 'ஓ' என்ற எழுத்து வேறு. இந்த இரண்டிலும்தான் பல பேர் தடுக்கி விழுகிறார்கள்.

போன பண்டிகைக்கு வந்தபோது இணைத்த லேப்டாப் என்றால், பழைய பாஸ்வேர்டை அது நினைவில் வைத்திருக்கும். நடுவில் வீட்டுக்காரர் பாஸ்வேர்டை மாற்றி இருப்பார். லேப்டாப்பில் அந்த வைஃபை பெயரை 'மறந்து விடு' என்று அழித்து விட்டு, புதிதாகக் கொடுக்க வேண்டும்.

பூட்டிலும் தலைமுறை உண்டு. புதிய பெட்டிகளில் 'டபிள்யூ.பி.ஏ.3' என்ற பூட்டு வருகிறது. பழைய லேப்டாப்புக்கு அது புரியாமல் போகலாம். பெட்டியில் 'டபிள்யூ.பி.ஏ.2' என்பதையும் சேர்த்து ஏற்கும்படி மாற்றினால் கதவு திறக்கும்.

இலை கிடைத்ததா?

"இணைந்து விட்டது" என்று லேப்டாப் சொல்கிறது. ஆனால், ஒரு பக்கமும் திறக்கவில்லை. மக்களை அதிகம் குழப்புவது இதுதான்.

கல்யாண வீட்டுப் பந்திக்குள் நுழைந்து விட்டால் போதுமா? உட்கார ஓர் இடமும் ஓர் இலையும் வேண்டாமா? ரவுட்டர், தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஓர் எண் கொடுக்கும். அந்த எண் பல வீடுகளில் 192.168 என்று தொடங்கும். லேப்டாப்பில் வைஃபை பெயரின் 'விவரம்' என்ற பகுதியைத் திறந்தால் இதைப் பார்க்கலாம்.

அங்கே 169.254 என்று தொடங்கும் எண் இருந்தால், ரவுட்டர் அதற்கு இலை போடவில்லை என்று அர்த்தம். கேட்டுக் கேட்டுப் பார்த்து விட்டு, லேப்டாப் தானாகவே ஓர் எண்ணை வைத்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறது! லேப்டாப்பில் வைஃபையை நிறுத்திப் போடுங்கள். கேட்காவிட்டால் ரவுட்டரை ஒரு முறை நிறுத்திப் போடுங்கள்.

சில அலுவலகங்களில் லேப்டாப்புக்கு நிலையான எண்ணைக் கையால் எழுதி வைத்து விடுவார்கள். அது அங்கே செல்லும். மாமியார் வீட்டில் செல்லாது. 'தானாகவே எண் பெறு' என்று மாற்ற வேண்டும். அலுவலகம் எழுதியதை மாற்றும் முன் அவர்களை ஒரு வார்த்தை கேட்டுக் கொள்வது நல்லது.

எண்ணும் சரி, ஆனால், பாங்கிப் பக்கம், கடிதப் பக்கம் மட்டும் 'பாதுகாப்பு இல்லை' என்று மறுக்கிறதா? லேப்டாப்பின் மூலையில் தேதியைப் பாருங்கள். நெடுநாள் மூடி வைத்த பழைய லேப்டாப்பில் தேதி பல ஆண்டுகள் பின்னால் போயிருக்கும். ஒவ்வொரு பக்கமும் தன் அடையாளச் சீட்டைக் காட்டும். அந்தச் சீட்டுக்குக் காலக்கெடு உண்டு. லேப்டாப் தப்பான தேதியை வைத்துக் கொண்டு, "இந்தச் சீட்டு செல்லாது" என்று சொல்லி விடும்! தேதியைத் திருத்தியதும் எல்லாம் திறக்கும்.

விருந்தாளிக்குத் தனிச் சாவி

வீட்டுப் பாஸ்வேர்டையே எல்லோருக்கும் கொடுக்க வேண்டுமா? தேவை இல்லை. பல ரவுட்டர்களில் 'கெஸ்ட்' என்று விருந்தாளிக்குத் தனி வைஃபை வைக்க வசதி இருக்கிறது. பெயர் வேறு, சாவியும் வேறு. அதில் வருகிறவருக்கு இணையம் கிடைக்கும். வீட்டில் உள்ள காமிரா, கணினி ஆகியவற்றைப் பார்க்க முடியாது. "அச்சு எடுக்க முடியவில்லையே!" என்று விருந்தாளி சொன்னால் பதற வேண்டாம். கெஸ்ட் வைஃபையில் இருந்து வீட்டுப் 'பிரிண்டர்' தெரியாமல் இருப்பது பழுது அல்ல.

இவ்வளவு பார்த்தும் ஞாயிறு இரவு 10 மணி வரை வரவில்லையா? அப்போதும் பஸ் ஏற வேண்டாம்! ரவுட்டரின் பின்னால் பெரும்பாலும் மஞ்சள் அல்லது கறுப்பு நிறத்தில் சில துளைகள் இருக்கும். அதற்கு 'லேன்' என்று பெயர். கம்ப்யூட்டர் கடையில் 'லேன் ஒயர்' என்று கேட்டால் கொடுப்பார்கள். ஒரு முனையை அந்தத் துளையிலும், மறுமுனையை லேப்டாப்பிலும் செருகினால், காற்றுப் பாதையே தேவை இல்லை. லேப்டாப்பில் அந்தத் துளை இல்லாவிட்டால், செல்போன் சார்ஜர் ஒயரால் போனையும் லேப்டாப்பையும் இணைத்து, போனின் இணையத்தையே லேப்டாப்புக்குக் கொடுக்கலாம்.

திங்கட்கிழமை வேலையை முடித்து விட்டு, மாப்பிள்ளை மறுநாள் குடும்பத்துடன் சிறுமலைக்குப் போகலாம். 18 கொண்டை ஊசி வளைவுகள்! அங்கே லேப்டாப்பைத் திறக்க வேண்டி வந்தால், போனை ஜன்னல் ஓரம் மாற்றி மாற்றி வைத்துப் பார்க்க வேண்டியதுதான். அலை மலையைத் துளைத்துக் கொண்டு வராது.