வெளிநாட்டு நிதி நம்ம ஊருக்கு எப்படி வருது?

“உங்கள் கிராம வளர்ச்சிக்கு உலக வங்கி நிதி ஒதுக்கியுள்ளது. செயலாக்கக் கட்டணம் செலுத்தி உடனே பெற்றுக்கொள்ளுங்கள்.” இந்த மாதிரி ஒரு வாட்ஸ்அப் செய்தி உங்கள் மொபைலுக்கு வந்தால், லிங்க்கைத் தொடாமல் அழித்துவிடுங்கள். உலக வங்கி எந்தத் தனி நபருக்கும், எந்தக் குழுவுக்கும் இப்படிப் பணம் அனுப்புவதில்லை, கட்டணமும் கேட்பதில்லை. தெரியாமல் பணம் கட்டிவிட்டீர்களா? தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழையுங்கள்.

அதுக்காக, வெளிநாட்டு நிதின்னாலே மோசடி என்று முடிவு கட்டிவிட வேண்டாம். நம்ம ஊர்களுக்கு அந்த நிதி முறையாக வந்திருக்கிறது. விருதுநகர் மாவட்டத்துக்கும் வந்திருக்கிறது. எந்த வழியில் வந்தது, அதனால் என்ன நடந்தது, இப்போது ஒரு ஊர் என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம்.

பட்டாசு மண்ணுக்கு வந்த திட்டம்

வெம்பக்கோட்டை வட்டத்து ஆலங்குளம் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது 1970-ல் தொடங்கிய அரசு சிமெண்ட் ஆலை. ஊரைச் சுற்றியுள்ள பகுதிக்கோ பட்டாசும் தீப்பெட்டியும்தான் சோறு போடும் தொழில். சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டை வட்டாரங்களில் ஒரு காலத்தில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் பெரியவர்களோடு பிள்ளைகளும் வேலைக்குப் போனார்கள். குச்சி அடுக்கவும், பெட்டி ஒட்டவும் சின்னக் கைகள்தான் வேகம் என்று சொல்லப்பட்ட காலம் அது.

1987-ல் மத்திய அரசு தேசியக் குழந்தைத் தொழிலாளர் கொள்கையைக் கொண்டுவந்தது. வேலையிலிருந்து மீட்ட குழந்தைகளுக்கான சிறப்புப் பள்ளித் திட்டம் அதன் கீழ் தொடங்கிய காலத்திலேயே சிவகாசிப் பகுதி அதில் இடம் பெற்றது. அந்த முயற்சிக்கு வலு சேர்க்க அடுத்து வந்ததுதான் ‘இண்டஸ்’ திட்டம். இந்தியத் தொழிலாளர் அமைச்சகமும் அமெரிக்கத் தொழிலாளர் துறையும் கூட்டாக நிதி போட, ஐ.நா.வின் அங்கமான பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு அதை நடத்தியது. மொத்த நிதி 4 கோடி டாலர். அமெரிக்கா பாதி, இந்தியா பாதி. நாடு முழுவதும் ஆபத்தான 10 தொழில்களில் இருந்த 80,000 குழந்தைகளை மீட்பது இலக்கு. பட்டாசும் தீப்பெட்டியும் அந்தப் பத்தில் இருந்தன. தமிழ்நாட்டில் விருதுநகர், நாமக்கல், காஞ்சிபுரம், திருவள்ளூர், திருவண்ணாமலை ஆகிய 5 மாவட்டங்கள் தேர்வாகின.

வயது வாரியாக வேலையைப் பிரித்துக்கொண்டதை இதில் கவனிக்கணும். 5 முதல் 8 வயதுப் பிள்ளைகள் நேராகப் பள்ளிக்கூடம் போனார்கள். 9 முதல் 13 வயது வரை உள்ளவர்களுக்கு விட்டுப்போன பாடத்தை ஈடுகட்டும் இடைநிலைக் கல்வி மையங்கள். 14 முதல் 17 வயதினருக்குத் தொழிற்பயிற்சி. இவற்றோடு தாய்மார்களுக்குச் சுய உதவிக் குழுவும் வருமானத்துக்கான வழியும். என் பார்வையில் இந்தக் கடைசிப் பகுதிதான் திட்டத்தின் உயிர். பிள்ளை வேலையை விட்டால் சனிக்கிழமை வீட்டுக்கு வரும் சம்பளத்தில் ஒரு பங்கு குறையும். அதை யார் ஈடு செய்வது? இதற்குப் பதில் சொல்லாமல் “பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புங்க” என்று மட்டும் சொன்னால் எந்த அம்மாவால் கேட்க முடியும்?

இன்னொரு விஷயம். வெளிநாட்டுத் திட்டம் என்றால் ஒரு தேதியில் முடிந்துவிடும். இண்டஸ் திட்டமும் முடிந்தது. ஆனால் அது தனியாக ஒரு கட்டிடம் கட்டி, தனியாக ஒரு பெயர்ப்பலகை மாட்டி நடந்த வேலை இல்லை. ஏற்கெனவே இருந்த சிறப்புப் பள்ளிகள், அரசுப் பள்ளிகள், அனைவருக்கும் கல்வி இயக்கம் ஆகியவற்றோடு சேர்த்துத் தைத்தார்கள். அதனால் டாலர் நின்ற பிறகும் பள்ளிக்கூடம் நிற்கவில்லை. இன்றைக்கும் எங்காவது பிள்ளைகள் வேலைக்குப் போவது தெரிந்தால் 1098-க்குச் சொல்லலாம்.

சுய உதவிக் குழுவின் பிறந்த ஊர்

உங்கள் வீட்டில் யாராவது மகளிர் குழுவில் இருக்கிறார்களா? அப்படின்னா இதுவும் உங்கள் கதைதான். 1989-ல் தர்மபுரி மாவட்டத்தில் தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது, அதற்கு நிதி தந்தது ரோம் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட ஐ.நா.வின் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியம். இந்தியன் வங்கியும் தொண்டு நிறுவனங்களும் உடன் நின்றன. பிறகு வேறு சில மாவட்டங்களுக்கும் போனது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் 1997-98-ல் மாநில அரசு தன் சொந்த நிதியில் மகளிர் திட்டத்தைத் தொடங்கி, தமிழ்நாடு முழுவதும் கொண்டுபோனது. வெளியிலிருந்து வந்த பணம் விதைநெல் மாதிரி பயன்பட்டதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

அதே வரிசையில், 2017-ல் உலக வங்கி ஒப்புதல் தந்த தமிழ்நாடு ஊரக புத்தாக்கத் திட்டம் பின்னர் ‘வாழ்ந்து காட்டுவோம்’ என்ற பெயரில் அறியப்பட்டது. கடன் தொகை 10 கோடி டாலர். 120 ஒன்றியங்களில் நடந்தது. குழுப் பெண்களைத் தொழில்முனைவோராக்க 30 சதவீத இணை மானியம், ஆலோசனைக்கு ‘மதி சிறகுகள் தொழில் மையம்’ எல்லாம் அதில் வந்தவை.

இங்கே ஒரு சந்தேகம் வரும். இந்தப் பணம் இலவசமா? இல்லை, கடன். இதில் நடைமுறையும் கொஞ்சம் சுற்றுவழிதான். அரசியலமைப்பின் 293-வது பிரிவுப்படி ஒரு மாநிலம் இந்தியாவுக்குள்தான் கடன் வாங்கலாம். அதனால் மாநில அரசு திட்ட அறிக்கை தயாரித்து மத்திய நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறைக்கு அனுப்பும். அங்கே தேறினால்தான் உலக வங்கியுடனோ, ஆசிய வளர்ச்சி வங்கியுடனோ, ஜப்பானின் ஜைக்காவுடனோ பேச்சு. கடன் ஒப்பந்தத்தில் இந்திய அரசு கையெழுத்திடும். திட்டத்தை நிறைவேற்றும் பொறுப்பு மாநிலத்துக்கு. அதே நிபந்தனைகளோடு கடன் மாநிலத்தின் கணக்கில் ஏறும், டாலர் விலை ஏறினால் அந்தச் சுமையும் சேர்த்து. திருப்பிக் கட்டுவது நம் வரிப்பணம். ஆகவே, உங்கள் ஊரில் இப்படி ஒரு திட்டம் நடந்தால் “யாரோ கொடுத்த காசு” என்று விட்டுவிடாமல் கணக்குக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

நேராக ஊருக்கே நன்கொடை வாங்கலாமா?

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூர் அருகே அச்சங்குளம் பட்டாசு ஆலையில் நடந்த வெடி விபத்தில் 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். இப்படிப்பட்ட செய்தியைக் கேட்டால் வெளிநாட்டில் இருக்கும் தமிழர்களுக்கும் மனசு பதறும், உதவத் தோன்றும். அந்த நேரத்தில் யாராவது ஒருவரின் சொந்தக் கணக்கு எண்ணைப் போட்டுப் பணம் திரட்டும் பதிவுகளும் பரவும். நல்ல எண்ணத்தோடு செய்தாலும் இதில் சட்டச் சிக்கல் வரலாம்.

வெளிநாட்டு நன்கொடைகளுக்கு 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் பொருந்தும். சமூகப் பணிக்காக வெளிநாட்டிலிருந்து பணம் வாங்கும் சங்கமோ அறக்கட்டளையோ மத்திய உள்துறை அமைச்சகத்தில் பதிந்திருக்க வேண்டும். பதிவு 5 ஆண்டுகளுக்குச் செல்லும். பதிய வேண்டுமானால் சங்கம் குறைந்தது 3 ஆண்டு இயங்கி, அந்த 3 ஆண்டில் 15 லட்சம் ரூபாயாவது தன் பணிகளுக்குச் செலவிட்டிருக்க வேண்டும். புதிய சங்கமாக இருந்தால், குறிப்பிட்ட ஒரு கொடையாளரிடம் குறிப்பிட்ட தொகையை வாங்க முன்அனுமதி கேட்கலாம். 2020 திருத்தத்துக்குப் பிறகு பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்குத்தான் வரணும். நிர்வாகச் செலவு 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. வாங்கிய பணத்தை வேறு அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. மீறினால் 5 ஆண்டு வரை சிறைத் தண்டனை வரலாம்.

எனவே ஊர்க் கமிட்டியோ முன்னாள் மாணவர் சங்கமோ அவசரப்பட்டு நேரடியாக வாங்க வேண்டாம். ஏற்கெனவே பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனம் உங்கள் ஊரிலேயே வேலையைச் செய்து தருவது எளிய வழி. அந்த நிறுவனம் உண்மையானதா என்று பார்க்க, நிதி ஆயோக்கின் ‘என்ஜிஓ தர்பண்’ இணையதளத்தை மொபைலில் திறந்து பெயரைத் தேடுங்கள். பதிவுச் சான்றின் நகலையும் கேட்டு வாங்கி, காலாவதித் தேதியைப் பாருங்கள். கேட்பதில் தப்பில்லை, நல்ல நிறுவனம் என்றால் கொடுக்கத் தயங்காது.

நம்ம ஊர்ப் பிள்ளை துபாயிலோ சிங்கப்பூரிலோ இருந்து அனுப்பினால்? அவர் கையில் இந்திய பாஸ்போர்ட் இருந்து, தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடையாகக் கருதப்படாது. ஆனால் அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால், கையில் ஓசிஐ அட்டை இருந்தாலும், சட்டத்தின் பார்வையில் அவர் வெளிநாட்டுக் கொடையாளர்தான். பலருக்கும் தெரியாத இடம் இது. பாஸ்போர்ட் நகலை வாங்கிக் கோப்பில் வைத்துக்கொள்வது பின்னால் உதவும். அரசுப் பள்ளிக்குச் செய்ய நினைப்பவர்களுக்கு 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இருக்கிறது.

ஊர் செய்ய வேண்டிய வேலை

எந்த நாட்டு அமைப்பாக இருந்தாலும் முதலில் கேட்பது “எவ்வளவு வேணும்?” என்று இல்லை. “என்ன பிரச்சினை, எத்தனை பேருக்கு, நாங்கள் போன பிறகு யார் பார்த்துக்கொள்வார்கள்?” என்றுதான். தீப்பெட்டி ஆபீஸுக்குப் போகும் தாய்மார்களின் குழந்தைகளுக்கு ஒரு பகல்நேரக் காப்பகம் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை குழந்தைகள், அங்கன்வாடி மூடிய பிறகு எத்தனை மணி வரை தேவை, ஆயா சம்பளம் மாதம் எவ்வளவு, இரண்டாவது வருஷம் அதை யார் தருவார்கள் என்ற விவரங்கள் ஒரு தாளில் இருக்கணும்.

அந்தத் தாளைக் கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை சபை கூடுகிறது. தீர்மான நகலோடு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்திலும், மகளிர் திட்ட அலுவலகத்திலும், மாவட்ட ஆட்சியரின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்திலும் மனு கொடுக்கலாம். 2018 முதல் விருதுநகர் முன்னேற விழையும் மாவட்டங்கள் பட்டியலில் இருப்பதால், கல்வி, சுகாதாரம், ஊட்டச்சத்து தொடர்பான மனுவில் அதையும் குறிப்பிடுங்கள்.

ஆலங்குளத்துக்காரர்களுக்கு மட்டும் ஒரு கூடுதல் குறிப்பு: தென்காசி மாவட்டத்திலும் ஒரு ஆலங்குளம் இருக்கிறது, அது வட்டத் தலைநகர் வேறு. இணையத்தில் விண்ணப்பிக்கும்போது ‘வெம்பக்கோட்டை வட்டம், விருதுநகர் மாவட்டம்’ என்று தேர்வு செய்திருக்கிறீர்களா என்று ஒரு முறை சரிபார்த்துவிட்டுச் சமர்ப்பியுங்கள்.