தூரைத் தட்டிப் பார்த்தீர்களா?

தை பிறக்க இன்னும் சில வாரங்கள்தான். பால் பிடித்து நிற்கும் சம்பா வயலின் நடுவே, வட்ட வட்டமாகத் தீ வைத்ததுபோல் பயிர் காய்ந்து கிடக்கிறது. ஒரு தூரை விரித்துப் பார்த்தால், தண்ணீருக்குச் சற்று மேலே எள்ளளவில் பழுப்புப் பூச்சிகள் அப்பியிருக்கின்றன. டெல்டாவின் பழைய பகையாளி, புகையான்.

பூச்சி பழையது, பருவம்தான் முன்போல் இல்லை. ஜூன் 12 மேட்டூர் திறப்பு, குறுவை, ஐப்பசி அடைமழை, சம்பா, தை அறுப்பு என்று ஓடிய கணக்கு அது. 2022-இல் மே 24-ஆம் தேதியே அணை திறந்தது. 2024-இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2021 ஜனவரியிலோ, அறுக்க வேண்டிய கதிர் மழையில் சாய்ந்து வயலிலேயே முளைத்தது. தண்ணீர் வந்தபோது வந்தபடி ஆளுக்கொரு தேதியில் நட்டால், அடுத்தடுத்த வயல்களில் வெவ்வேறு வயதுப் பயிர் நிற்கும். ஒன்று முற்றினால் இன்னொன்று இளசாக இருக்கும். புகையானுக்குப் பந்தி ஓய்வதே இல்லை. மழை மூட்டமும், நெருக்க நடவும், யூரியா தந்த கரும்பச்சையும் அதற்கு இன்னும் தோது.

பதறிப்போய் மருந்துக்கடைக்கு ஓடுகிறோம். கொடுத்ததை டேங்கில் கலந்து மேலாக அடிக்கிறோம். பூச்சி இருப்பதோ தூரில். அதன் முட்டை இருப்பதோ இலையுறைக்குள். மருந்து அங்கே சரியாகப் போய்ச் சேர்வதில்லை. செத்துப்போவது ஓநாய்ச் சிலந்தியும், புகையான் முட்டையை உறிஞ்சித் தின்னும் மிரிட் நாவாய்ப்பூச்சியும். சில நாளில் முட்டை பொரிக்கும்போது குஞ்சுகளைத் தின்ன ஆளில்லை. பைரித்திராய்டு வகை மருந்துகளை அடித்த வயலில் புகையான் முன்னைவிடப் பெருகுவது இப்படித்தான்.

இந்தோனேசியா இந்தப் பாடத்தை நாடளவில் படித்தது. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியதால், 1986-இல் நெல்லுக்கு 57 பூச்சிக்கொல்லிகளை அந்த அரசு தடை செய்தது. பிறகு வயலையே பள்ளிக்கூடமாக்கி, பூச்சியையும் சிலந்தியையும் எண்ணிப் பார்க்க விவசாயிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

எண்ணும் கணக்கு நம் வேளாண் பல்கலைக்கழகத்திடமும் உண்டு. சிலந்தி இல்லாத வயலில் தூர்க்கிளைக்கு ஒரு புகையான் இருந்தாலே மருந்து பற்றி யோசிக்கலாம். குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் இரண்டு வரை பொறுக்கலாம். எட்டுக்கால்காரர் ஒருவரின் காவலுக்கு அவ்வளவு மதிப்பு!

நடும்போதே எட்டடிக்கு ஓரடி இடைவெளியாகப் பட்டம் விட்டால் வெயிலும் காற்றும் தூர்வரை இறங்கும். யூரியாவைப் பிரித்துப் போடுவதும், பூச்சி தெரிந்ததும் தண்ணீரை வடிப்பதும் கைச்செலவில்லாத வைத்தியம்.

மேட்டூர் எப்போது திறக்கும், மழை எப்போது பெய்யும் என்பது விவசாயி கையில் இல்லை. டேங்கைத் தோளில் மாட்டுவது அவர் கையில்தான் இருக்கிறது. அதற்கு முன் வரப்பிலிருந்து இறங்கி, நாலு இடத்தில் குனிந்து தூரைத் தட்டட்டும். தண்ணீரில் விழுவதில் பூச்சி எத்தனை, சிலந்தி எத்தனை என்று எண்ணிய பிறகு முடிவெடுக்கட்டும்.