காயம் ஆறிய பிறகும் வலி ஏன்?

பினாங்குப் பாலத்தில் போகும்போது தெற்கே கடலுக்கு நடுவில் பச்சைப் பசேலென்று ஒரு தீவு தெரியும். அதுதான் ஜெரெஜாக். 1871 முதல் ஏறக்குறைய நூறாண்டுக் காலம் தொழுநோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த இடம். அந்நோய் கண்டவர்களில் பலருக்கு விரல்கள் குறைந்துபோகும். நோய்தான் விரலைத் தின்றுவிட்டது என்று நம் பாட்டன்மார் நம்பினார்கள்.

கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்ட் இதை ஆராய்ந்து பார்த்தார். தொழுநோய்க் கிருமி நரம்பைக் கெடுக்கிறது. நரம்பு கெட்டால் வலி தெரியாது. வலி தெரியாதவர் கொதிக்கிற சட்டியை வெறுங்கையால் தூக்குவார். காலில் ஆணி ஏறியும் நடந்துகொண்டே இருப்பார். காயத்தின்மேல் காயம் பட்டு, சீழ் வைத்து, கடைசியில் விரலே போய்விடும்.

ஆக, காயம் இருந்தும் வலி இல்லாமல் போகலாம். அதேபோல, காயம் ஆறிய பிறகும் வலி இருக்கலாம். நம் தொழிலாளர்கள் பலர் அவதிப்படுவது இந்த இரண்டாவது வகையில்தான்.

செம்பனைக் குலையைத் தூக்கும்போது இடுப்புப் பிடித்துக்கொள்கிறது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று மாதம், ஆறு மாதம் ஆகியும் வலி விடவில்லை. "வேலைக்குப் பயந்து சாக்குச் சொல்றான்" என்கிறார் மண்டோர். வீட்டிலும், "எப்பப் பாத்தாலும் இடுப்பு இடுப்புன்னா எப்படி?" என்று சலித்துக்கொள்கிறார்கள். வலியைவிட இந்தப் பேச்சுதான் அவரை அதிகம் நோகடிக்கிறது.

அவர் பொய் சொல்லவில்லை. எப்படி என்று பார்ப்போம்.

நரம்பு கொண்டுபோகும் சேதி

நரம்பை மின்சாரக் கம்பி என்பார்கள். அது பாதிதான் சரி. நரம்பின் சவ்வு வழியாக உப்புச் சத்து உள்ளே புகுவதும் வெளியேறுவதுமாக, சேதி ஓர் அலைபோல ஓடுகிறது. பல் பிடுங்குமுன் போடும் ஊசி அந்த உப்பு நுழையும் வாசலை அடைத்துவிடுகிறது. அதனால்தான் வலி தெரிவதில்லை.

எல்லாச் சேதியும் ஒரே வேகத்தில் போவதில்லை. தொடு உணர்ச்சி நொடிக்கு 30 மீட்டருக்கு மேல் ஓடும். 'சுருக்' என்கிற வலி அதைவிட மெதுவு. நின்று கடுக்கிற வலியோ நொடிக்கு 2 மீட்டருக்கும் குறைவு; ஏறக்குறைய ஆள் நடக்கிற வேகம். கல்லில் கால் இடித்தால் முதலில் சுருக்கென்று தைத்து, பிறகு கடுப்பு வருவது இதனால்தான்.

சேதிகள் முதுகுத் தண்டில் ஒரு கதவைத் தாண்டித்தான் மூளைக்குப் போகின்றன என்று 1965இல் மெல்ஸாக், வால் என்ற இரு அறிஞர்கள் சொன்னார்கள். இடித்த இடத்தைத் தேய்த்துவிட்டால் தொடு உணர்ச்சி முந்திக்கொண்டு போய்க் கதவைக் கொஞ்சம் சாத்துகிறது. பாட்டி தைலம் தேய்த்துவிட்டதில் இந்த நன்மையும் இருந்தது.

நாள்பட்ட வலியில் அந்தக் கதவு சரியாகச் சாத்துவதில்லை. வீட்டு நாயை நினைத்துப் பாருங்கள். ஒருமுறை திருடன் வந்துவிட்டுப் போனபின், சருகு அசைந்தாலும் அது குரைக்கும். குரைப்பது மெய்தான், திருடன்தான் இல்லை. நரம்பும் அப்படியே. சின்ன அசைவையும் பெரிய ஆபத்தாக மூளைக்குச் சொல்கிறது. கவலை, தூக்கமின்மை, 'வேலை போய்விடுமோ' என்ற பயம் எல்லாம் அதை இன்னும் உசுப்பிவிடும்.

என்ன செய்யலாம்?

முதலில், மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கக் கூடாது. உடம்பு இளைத்து, வலி கூடும். இன்று பத்து நிமிடம் நட. நாளைக்கும் அதே பத்து. பிறகு கொஞ்சம் கூட்டு. நன்றாக இருக்கிற நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு மறுநாள் விழுந்து கிடப்பதும் தவறு.

கடையில் வலி மாத்திரை வாங்கி நாள் தவறாமல் விழுங்காதீர்கள். வயிறும் சிறுநீரகமும் கெடும். மனச்சோர்வுக்குத் தரும் மருந்தைக் குறைந்த அளவில் டாக்டர் எழுதிக் கொடுத்தால், 'என்னைப் பைத்தியம் என்கிறாரா?' என்று கோபப்பட வேண்டாம். அது நரம்பின் கூச்சலை அடக்கவும் உதவும்.

நம் நாட்டுச் சுகாதார அமைச்சு 2008இல், நாடித் துடிப்பு, காய்ச்சல் பார்ப்பதுபோல வலியையும் கேட்டுப் பதிய வேண்டும் என்று விதித்தது. 0 முதல் 10 வரை எத்தனை வலி என்று தாதி கேட்பது இதனால்தான். கூச்சப்படாமல் சொல்லுங்கள். சிலாயாங் மருத்துவமனையில், வலியோடு நடமாடப் பழக்கும் 'மெனாங்' என்ற பயிற்சியே நடத்தியிருக்கிறார்கள். மலாயில் மெனாங் என்றால் வெற்றி.

ஆனால் கால் மரத்துத் துவண்டாலும், சிறுநீர் அடைத்தாலும் அடக்க முடியாமல் போனாலும், காய்ச்சலோ எடை குறைவோ சேர்ந்தாலும் தாமதம் கூடாது, உடனே ஆஸ்பத்திரி. இனிப்பு நீர் உள்ளவர்களுக்குப் பாதம் எரிந்தாலோ மரத்தாலோ நரம்பு கெடுகிறது என்று பொருள். செருப்பில்லாமல் நடக்காதீர்கள், இரவில் பாதத்தைத் திருப்பிப் பாருங்கள். வேலையில் அடிபட்டால் அன்றே கிராணியிடம் சொல்லிப் பதிவு செய்யுங்கள். சொக்சோவில் கேட்கும்போது அது கைகொடுக்கும்.

வீட்டிலிருப்பவர்களுக்கும் மண்டோர்மார்களுக்கும் நாம் சொல்வது இதுதான்: எக்ஸ்ரேயில் தெரியாத வலியும் வலிதான். "நடிக்கிறான்" என்று சொல்லுமுன், "இன்னிக்கு எவ்வளவு நடக்க முடிஞ்சுது?" என்று கேட்டுப் பாருங்கள்.